பாதியில நிக்கிற மெட்டு

மாடி வீட்டு லட்சுமி அக்கா வாயில பிரஷ்ஷோட பால்கனியில நின்னு தலையாட்டுனது இன்னைக்கும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

திண்டுக்கல்லுல பேகம்பூரை ஒட்டுன ஒரு குறுக்குத் தெரு. ஆடிக் காத்து புழுதிய அள்ளி மூஞ்சில போட்டுக்கிட்டு இருந்துச்சு. எங்க குட்டியானை வண்டி முக்குத் திரும்பி உள்ள நுழைஞ்சுச்சு. பின்னாடி அரைக்கீரை, முருங்கைக்கீரை, கத்திரிக்கா, வெண்டைக்கா, சின்ன வெங்காயம், ரெண்டு சாக்குத் தேங்கா. முன்னாடி நானும் என் வீட்டுக்காரி முத்துமாரியும். வண்டிக்கு மேல கூம்பு ஸ்பீக்கர். அதுல அன்னைக்குத்தான் மொதத் தடவையா நான் போட்ட மெட்டு பாடுது. வார்த்தை கெடையாது, வெறும் கீபோர்டு சத்தம்.

லட்சுமி அக்கா கேட்டுச்சு. தலையை ஆட்டுச்சு. பிரஷ்ஷ வச்சுத் தாளம்கூடப் போட்டுச்சு. எனக்கு உச்சி குளுந்து போச்சு. "பாத்தியா புள்ள"ன்னு முத்துமாரிய இடிச்சேன்.

மெட்டு முடிஞ்சுச்சு. லட்சுமி அக்கா வாயக் கொப்புளிச்சுட்டு நிம்மதியா உள்ள போயிருச்சு. கதவையும் சாத்திக்கிச்சு.

தெரு முழுக்க அப்படித்தான். சன்னல் தெறக்குது, ஒரு தலை தெரியுது, சன்னல் சாத்திக்கிருது. வாசப்படி எறங்கி வந்தவங்க ஒண்ணு ரெண்டு பேருதான். கீரை அம்புட்டும் கட்டு குலையாமக் கெடந்துச்சு. முத்துமாரி என்னைய ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வை உங்களுக்கு வெளங்கணும்னா நான் கொஞ்சம் பின்னாடி போகணும்.

வெறுங் காத்து

போன வாரங்கள்ல என் தொண்டைப் புராணத்தப் படிச்சவங்க பொறுத்துக்கணும். புதுசா வந்து உக்காந்தவங்களுக்காக நாலு வரி. என் பேரு ராசு. சித்தையன்கோட்டையில கொஞ்சம் தோட்டம் இருக்கு. அதுல வெளையுறதையும் மார்க்கெட்டுல எடுக்குறதையும் வண்டியில போட்டு, திண்டுக்கல்லுல தெருத் தெருவா விக்கிறதுதான் இருபது வருசமாப் பொழப்பு. மொதல்ல சைக்கிள், அப்பறம் மொபெட்டு, இப்போ குட்டியானை.

வண்டி மாறிக்கிட்டே வந்துச்சு. மாறாதது என் கொரலு. "கீரேய்... காய்கறீ...!"ன்னு ஒரு கூப்பாடு போட்டேன்னா, அடுத்த தெருவுல தாளிச்சுக்கிட்டு இருக்குறவங்க அடுப்பக் கொறைச்சு வச்சுட்டு வருவாங்க. பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், அதுக்கென்ன இப்போ?

தொண்டையில கட்டி வந்து ஆபரேசன் ஆச்சு. கட்டி போச்சு, கொரலும் கூடவே போச்சு. டாக்டர் மேல குத்தம் இல்லை. இப்படி ஆனாலும் ஆகலாம்னு முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாரு. உசுரு இருக்கேன்னு மனசத் தேத்திக்கிட்டேன். இப்போ நான் பேசுனா வெறுங் காத்துத்தான் வரும். பக்கத்துல நிக்கிற ஆளுக்குக் கேக்கும், அம்புட்டுதான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நான் காத்தாப் பேசுனா எதுத்தாப்புல நிக்கிறவங்களும் காத்தாவே பேசுறாங்க! "கத்திரிக்கா என்ன வெலை?"ன்னு ஒரு அம்மா என் காதுகிட்ட வந்து ரகசியமாக் கேக்குது. நானும் ரகசியமாச் சொல்றேன். "ரெண்டு பேரும் என்னத்தக் கடத்துறீக?"ன்னு முத்துமாரி வண்டிக்குள்ள இருந்து சத்தம் போடுறா.

வாய் இப்படி ஆனப்பறம்தான் எழுத ஆரம்பிச்சேன். இல்லைன்னா இந்தப் பத்திரிகைக்காரங்க தப்பிச்சிருப்பாங்க.

பெரிய கஷ்டம் முத்துமாரிக்குத்தான். நான் தோட்டத்துல கெணத்தடியில இருப்பேன். அவ வீட்டுல இருந்து சாப்பிடக் கூப்பிடுவா. நான் சொல்ற பதிலு அவளுக்குக் கேக்காது. மூணு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டுக் கரண்டியோட ஓடி வருவா. "கூப்பிட்டா ஏன்னு ஒரு வார்த்தை வருதா? கெணத்துக்குள்ள விழுந்துட்டீகளோன்னு பதறிப் போயி வாரேன்!"ன்னு கத்துவா. கத்தி முடிச்சுட்டு அழுவா.

ஒரே அம்மா, மூணு தெரு

கூப்பாடு இல்லாமத் தெரு யாவாரம் ஓடாது. மொதல்ல முத்துமாரி கூப்பிட்டுப் பாத்தா. அவ கொரலு சண்டைக்கு இழுக்குற கொரலு. ஒரு வீட்டுல இருந்து ஆம்பளை ஒருத்தர் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து, "என்னம்மா பிரச்சினை?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

அதுக்கப்பறம் ஸ்பீக்கர் வாங்குனோம். கடைக்காரரே ஒரு பதிவையும் போட்டுக் குடுத்தாரு. "அம்மா வாங்க, அக்கா வாங்க, பச்சைப் பசேல்னு காய்கறி"ன்னு ஒரு அம்மா கணீர்னு பேசும். நல்ல கொரலுதான். ஆனா ஊருல பாதி வண்டியில அதே அம்மாதான்! ஒரே நேரத்துல மூணு தெருவுல நின்னு காய் விக்கும். எங்க வண்டின்னு நெனச்சு வந்து, எவன் வண்டியிலயோ வாங்கிட்டு, "என்ன ராசண்ணே, கீரை முத்தலாக் குடுத்துட்டீங்க"ன்னு எங்கிட்ட வந்து கேக்குறாங்க. அத நான் குடுக்கலைன்னு காத்துல சொல்லி எப்ப வெளங்க வைக்கிறது?

இருபது வருசம் சுத்துன தெருவுல என்னைய அடையாளம் தெரியாமப் போச்சு. கொரலு போனதவிட அதுதான் எனக்கு வலிச்சுச்சு.

முத்துமாரி ஒரு முடிவு சொன்னா. "ஆடி முடியுற வரைக்கும் பாப்போம். ஆவணி பொறந்தா வண்டிச் சாவியத் தம்பிகிட்டக் குடுத்துருவோம். அவன் ஓட்டட்டும். நீங்க தோட்டத்தப் பாத்துக்கிட்டுச் செவனேன்னு இருங்க."

தம்பின்னா அவ கூடப்பொறந்தவன் குமரேசன். தங்கமான ஆளு, தொண்டையும் நல்ல தொண்டை. அவ சொன்னதுல நியாயம் இருந்துச்சு. கூப்பிட்டே தீருவேன்னு நான் முக்கி முக்கி ஒருநாள் இருமல்ல ரத்தம் வந்துருச்சு, அதுல பயந்துட்டா. ஆனா அந்தத் தெருக்கள விட்டுட்டு நான் தோட்டத்துல யாரோட பேசுவேன்? வெண்டைச் செடியோடயா?

தோல் கிடங்கு மாடி

லட்சுமி அக்கா வீட்டுக்கு மூணு வீடு தள்ளி ஒரு தோல் கிடங்கு. பக்கத்துல போனாலே உப்பும் பதப்படுத்துன தோலுமா ஒரு வாடை தூக்கும். எனக்குப் பழகிப் போச்சு. அந்தக் கிடங்குக்காரர் மக பானு டீச்சர், மாடியில ஒரு ரூம்புல பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தாராங்க. முப்பது வயசு இருக்கும். புதினாவும் மல்லியும் எங்கிட்டத்தான் வாங்குவாங்க. "எங்க அத்தாவுக்கு உங்க புதினாத் தொகையல் இல்லாம எறங்காதுண்ணே"ம்பாங்க. அத்தான்னா அவங்க அப்பா.

ஒரு சனிக்கெழமை கீழ நிக்கிறேன். மேல ஏதோ ஒரு பிள்ளை ஒரே மெட்டத் திருப்பித் திருப்பி வாசிக்குது. அந்தப் பக்கம் போன ஒரு அம்மா, "எங்க மகதான் வாசிக்கிறா"ன்னு தன்னால சொல்லிக்கிட்டுப் போச்சு. மூஞ்சியப் பாக்கலை, பேச்சும் கேக்கலை, மெட்டக் கேட்டே மகள்னு தெரிஞ்சிருச்சு பாருங்க! எனக்குப் பொறி தட்டுச்சு.

புதினா வாங்க எறங்கி வந்த டீச்சர்கிட்டக் காத்தாச் சொன்னேன். "டீச்சர், எனக்கு ஒரு மெட்டுப் போட்டுத் தாங்க. ஸ்பீக்கர்ல போடணும். வேற எந்த வண்டியிலயும் இருக்கக் கூடாது."

"நான் போட்டா அது என் மெட்டுல்லண்ணே? நீங்க போடுங்க. எப்படிப் போடுறதுன்னு நான் சொல்றேன்."

"எனக்குச் சரிகமவே தெரியாதே!"

"இத்தன வருசம் தெருவெல்லாம் பாடிட்டுத் தெரியாதாம்ல. ஏறி வாங்க."

வாரத்துல ரெண்டு நாள், மத்தியானம், பிள்ளைக பள்ளிக்கூடத்துல இருக்குற நேரம், நான் கீபோர்டு முன்னாடி உக்காந்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் ஸ்டிக்கர் ஒட்டி ச, ரி, கன்னு எழுதியிருந்துச்சு. முத்துமாரி மாடிப்படியில உக்காந்து வெங்காயத்துக்குத் தோல் உரிச்சுக்கிட்டே உள்ள நடக்குறத ஒட்டுக் கேப்பா.

"இது ‘ச’. இத வீடுன்னு வச்சுக்கங்க. மெட்டு வீட்டுல இருந்து கெளம்பும், சுத்தும், கடைசில வீடு வந்து சேந்துரும். வந்துட்டா நம்ம மனசுக்கும் முடிஞ்சதுன்னு தெரிஞ்சிரும்"னு ஆரம்பிச்சாங்க டீச்சர். "ஏழையும் எடுக்க வேணாம். ம, நி ரெண்டையும் விட்டுருங்க. ச ரி க ப த, இந்த அஞ்சு போதும். இதுல எத எதோட சேத்தாலும் காதக் கடிக்காது."

எனக்கு அது பிடிச்சுப் போச்சு. அஞ்சே அஞ்சு. எங்க வீட்டு அஞ்சறைப் பெட்டியிலகூட அதுக்கு மேல இருக்கு.

தொடையில தட்டி எட்டு எண்ணச் சொன்னாங்க. அந்த எட்டுக்குள்ள ஒரு வரி அடங்கணும். பக்கத்துப் பக்கத்துக் கட்டையில நடக்கணும். எங்கயாவது தாவுனா, தாவுன வேகத்துலயே ஓடாம மெல்லத் திரும்பி வரணும். மொத வரிய ரெண்டாவது தடவையும் சொல்லணும், ஆனா வாலை மட்டும் மாத்தணும். "மொத வரி கேள்வி, ரெண்டாவது வரி பதில். அம்புட்டுத்தான் அண்ணே சங்கதி."

"கீரை இருக்கா, இருக்கு. அது மாதிரியா?"

"அதேதான்!"ன்னு டீச்சர் கையத் தட்டிச் சிரிச்சாங்க.

தீயணைப்பு வண்டி

நான் சும்மா இருப்பேனா? மொத மெட்டுல என் திறமைய எல்லாம் காமிச்சேன். கீழ இருந்து மேல, மேல இருந்து கீழன்னு ஒரே தாவல். டீச்சர் வாயத் தெறக்குறதுக்குள்ள படியில இருந்து முத்துமாரிதான் சொன்னா. "தீயணைப்பு வண்டி வருது, எல்லாரும் ஒதுங்குங்க!"

ரெண்டாவது மெட்டு அடக்க ஒடுக்கமாப் போட்டேன். அதுக்கு, "எந்த வீட்டுல எழவு?"ன்னு கேட்டா.

பாடிப் பாத்துப் போடத்தான் எனக்குக் கொரலு இல்லையே. ஒருநாள் பாத்தியில தண்ணி பாய்ச்சிக்கிட்டே தன்னால உதட்டக் குவிச்சேன். விசில் வந்துச்சு! விசிலுக்குத் தொண்டை வேணாம், ஒதடும் மூச்சும் போதும்னு அப்பத்தான் தெரியுது. பழைய மூச்சு இல்லை, ரெண்டு மூணு எண்ணிக்கைக்கு மேல தாங்காது. ஆனாலும் எனக்கு வாய் திரும்பக் கெடைச்ச மாதிரி இருந்துச்சு. நேரா வீட்டுக்கு ஓடிப் போயி அடுப்படி வாசல்ல நின்னு முத்துமாரியப் பாத்து ஒரு விசில் அடிச்சேன்.

வாங்கிக் கட்டிக்கிட்டேன். "கட்டுன பொண்டாட்டியப் பாத்து விசிலடிக்கிற வயசா இது? அக்கம் பக்கத்துல என்ன நெனைப்பாக? இனிமே என் பக்கம் ஒதட்டக் குவிச்சீக, பாத்துக்கங்க!"

சரின்னு அத வெண்டைச் செடியோட வச்சுக்கிட்டேன். பத்துப் பதினஞ்சு நாளு வரப்பு வரப்பா விசிலடிச்சுக்கிட்டே நடந்து, வேணாங்கறதக் கழிச்சுக் கழிச்சு, கடைசில ஒண்ணு நின்னுச்சு. டீச்சர் அத நோட்டுல எழுதுனாங்க. அந்தத் தாளு இப்பவும் என் சட்டைப் பையில இருக்கு.

ச ரி க க | ப க ரி –
ச ரி க ப | க ரி ச –

இம்புட்டுத்தான். எழுதி முடிச்சு ஒரு தடவை வாசிச்சுப் பாத்தாங்க. கடைசி ‘ச’ வந்து விழுந்தப்ப எனக்கே ஒரு பெருமூச்சு வந்துச்சு. "எவ்வளவு அழகா வீட்டுக்கு வந்துருச்சு பாருங்கண்ணே"ன்னாங்க. அப்பவே செல்போன்ல பதிஞ்சு, ஸ்பீக்கருக்கு ஏத்தி, அடுத்த நடைக்கு நாங்க கெளம்பிட்டோம்.

அன்னைக்குத்தான் லட்சுமி அக்கா தலையாட்டிட்டுக் கதவச் சாத்துனது.

கதவு ஏன் சாத்துச்சு?

ஒரு நாளுன்னா பரவாயில்லை. வாரம் முழுக்க அதே கதை. எல்லாரும் கேக்குறாங்க, எல்லாரும் ரசிக்கிறாங்க, ஒருத்தரும் எறங்கி வரலை. வாடுன கீரைய மாட்டுக்குப் போட்டோம். அதுக மட்டும் ரொம்ப மகிழ்ச்சி.

முத்துமாரி சாவிக் கொத்துல இருந்து வண்டிச் சாவியத் தனியாக் கழட்டி, சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில மாட்டிட்டா. குமரேசன் வந்தா எடுத்துக் குடுக்கத் தோதா இருக்கும்ல. ஆடி முடிய ரெண்டு வாரம்தான் பாக்கி.

ஒரு வியாழக்கெழமை லட்சுமி அக்காவ முக்குக் கடையில பாத்தோம். பாத்த ஒடனே சண்டைக்கு வந்துருச்சு.

"என்ன ராசண்ணே, ஆபரேசனுக்கு அப்பறம் அம்புட்டு அவசரமா? நான் எறங்குறதுக்குள்ள போயிடுறீங்க?"

"நான் எங்கக்கா போனேன்? உங்க வாசல்லதான் நின்னேன்"னு காத்தாச் சொன்னேன்.

"அதான் பாட்டு முடிஞ்சு போச்சே. அம்சமா முடியுது, நானும் தெனம் கேக்குறேன். முடிஞ்சிருச்சுன்னா வண்டி கெளம்பிருச்சுன்னுதான அர்த்தம்? சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்னு உள்ள போயிருவேன்."

முத்துமாரிக்கு மூஞ்சி மாறிருச்சு. வண்டிய அங்கயே நிறுத்தச் சொல்லிட்டு, நாலு வீட்டுல ஏறிக் கேட்டுட்டு வந்தா. "எல்லாம் ஒரே சொல்லுத்தான். முடிஞ்சு போச்சுன்னு நெனச்சோம், முடிஞ்சு போச்சுன்னு நெனச்சோம்."

ரெண்டு பேரும் தோல் கிடங்கு மாடிக்கு ஏறுனோம். டீச்சர் கேட்டாங்க, கேட்டுட்டு அந்த மெட்ட ஒரு தடவை வாசிச்சாங்க. கடைசி ‘ச’ மேல வெரல வச்சவங்க எடுக்கவே இல்லை. அப்பறம் நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க.

"அல்லாவே! தப்பு என்னோடதுண்ணே. பாட்டுக்குச் சொல்ற விதிய உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். கேள்வியும் நீங்களே கேட்டு, பதிலும் நீங்களே சொல்லிட்டா, வீட்டுக்குள்ள இருக்குறவங்களுக்கு என்ன வேலை? கேட்டுட்டு நிம்மதியா இருந்துருவாங்க."

சன்னல் வழியா வந்த கொரலு

டீச்சர் திடீர்னு செல்போன எடுத்துத் தேட ஆரம்பிச்சாங்க. பிள்ளைக வாசிக்கிறதப் பெத்தவங்களுக்கு அனுப்பப் பதிஞ்சு வைக்கிறது அவங்க பழக்கம்.

"உங்களுக்கு ஆபரேசன் நடக்குறதுக்கு முன்னாடி பதிஞ்சது ஒண்ணு இருக்கணும். அந்தப் பிள்ளை வாசிக்கும்போது சன்னல் வழியா நடுவுல நீங்க வந்துட்டீங்கன்னு நான் திரும்பப் பதிஞ்சேன். அத அழிச்சேனா என்னன்னு..."

அழிக்கலை. ஒரு பிள்ளை தட்டுத் தடுமாறி வாசிக்குது. தூரத்துல எங்கயோ ஒரு ஆளு. "கீரேய்... காய்கறீ...!"

நான்தான்.

செத்துப் போன மனுசன் வாசல்ல வந்து நின்னா எப்படி இருக்கும்? போதும், நிப்பாட்டுங்கன்னு கையக் காட்டுனேன். முத்துமாரி படியில இருந்து எந்திரிச்சு உள்ள வந்துட்டா. மொகத்துல தண்ணியா ஊத்துது. வெங்காயம் உரிக்கவே இல்லை அன்னைக்கு.

"இன்னொரு தடவை போடுங்க டீச்சர்"ன்னா.

போட்டாங்க. அப்பறம் இன்னொரு தடவை. மூணாவது தடவை டீச்சர் கீபோர்டுல கட்டை கட்டையா அமுக்கி என் கொரலு எங்க நிக்குதுன்னு தேடுனாங்க. "உங்க ‘ச’ இங்க இருக்குண்ணே. நான் வச்சதவிட ரெண்டு கட்டை மேல. ‘ச’வ அவங்கவங்க தொண்டைக்குத் தக்கன எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம், மத்ததெல்லாம் அங்கேருந்து கணக்கு." ஒரு பட்டன அமுக்கிச் சுருதிய ஏத்திக்கிட்டு, என் கூப்பாட்ட அப்படியே வாசிச்சுக் காட்டுனாங்க. கீரேய், அது ‘ச ரி’. காய்கறீ, அது ‘க க ப’.

"கவனிச்சீங்களா? ‘ப’வுலயே நிக்கிறீங்க. எறங்கவே இல்லை. இருபது வருசமாக் கேள்விய மட்டும் கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு நின்னுருக்கீங்க."

"வாய மூடுனது அந்த ஒரு எடத்துலதான்"னா முத்துமாரி, மூக்க உறிஞ்சிக்கிட்டே.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அழுகையும் வந்துச்சு. யாரும் சொல்லித் தராம, விதி எதுவும் தெரியாம, நான் அத்தன வருசம் சரியாத்தான் செஞ்சிருக்கேன். பாடம் படிச்சதும் கெட்டுப் போயிட்டேன். அத டீச்சர்கிட்டச் சொன்னா, "அப்ப ஃபீஸ எடுங்க"ன்னு மெரட்டுறாங்க.

எட்டு எண்ணிக்கை

புது மெட்டுல மொத வரிய அப்படியே வச்சுக்கிட்டோம். ரெண்டாவது வரியில என் பழைய கூப்பாட்ட வச்சாச்சு.

ச ரி க க | ப க ரி –
ச ரி க க | ப – – –

சுருதியும் என் சுருதி. ‘ப’ நீண்டு நிக்கும், அப்பறம் ஒரு எட்டு எண்ணிக்கைக்கு ஸ்பீக்கர் சும்மா இருக்கும். அதுக்கப்பறம்தான் மறுபடி ஆரம்பிக்கும். அந்த எட்டுதான் முத்துமாரிக்குப் பயம். "அம்புட்டு நேரம் சும்மா இருந்தா வண்டி கெட்டுப் போச்சுன்னு நெனைக்க மாட்டாகளா?"ன்னு கேட்டா. எனக்கும் அந்தப் பயம்தான். ஆடியில கடைசி வாரம், இதுவும் போச்சுன்னா ஆணியில தொங்குற சாவி குமரேசன் கைக்குப் போயிரும்.

அதே குறுக்குத் தெரு. அதே புழுதிக் காத்து. முக்குத் திரும்பி ஸ்பீக்கரப் போட்டேன். மொத வரி போச்சு. ரெண்டாவது வரி ஏறிப் போயி ‘ப’வுல நின்னுச்சு. நின்னு, அடங்கிருச்சு.

நான் ஸ்டியரிங்குல வெரலத் தட்டி எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு. எங்கயோ ஒரு குக்கரு விசிலடிச்சுச்சு. மூணு. நாலு. முத்துமாரி முந்தானைய முறுக்குறா. அஞ்சு.

"ஏ ராசண்ணே! நில்லு, வாரேன்!"

மாடியில லட்சுமி அக்கா. ஒரு கையில பிரஷ்ஷு, இன்னொரு கையில கூடை. அந்தப் பக்கம் ஒரு கதவு தெறந்துச்சு, "எனக்கு ரெண்டு கட்டு அரைக்கீரை எடுத்து வைங்க, வந்துட்டேன்"னு ஒரு கொரலு. கிடங்கு வாசல்ல டீச்சரோட அத்தாவே லுங்கியோட எறங்கி, "புதினா இருக்காப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே வாராரு. வேற வண்டிகளும் அந்தத் தெருவுல வரும் போகும். என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க பாருங்க. என் பேரச் சொல்லி!

கண்ணுல தண்ணி முட்டிருச்சு. நல்ல வேளை, பின்னாடி ஒரு மூடை சின்ன வெங்காயம் இருந்துச்சு, அது மேல பழியப் போட்டுட்டேன்.

மாடிச் சன்னல்ல பானு டீச்சர் எட்டிப் பாத்தாங்க. உள்ள ஒரு கட்டைய அமுக்கிப் பாத்திருப்பாங்க போல. "அண்ணே! லட்சுமி அக்காவோட ‘வாரேன்’ கிட்டத்தட்ட ‘ச’வுலதான் விழுது! கொஞ்சம் கீழ இருக்கு, பரவாயில்லையா?"

பரவாயில்லைன்னு கையக் காட்டுனேன். அந்த அக்கா எந்தச் சுருதியில வந்தா எனக்கென்ன? கூடையோட வந்தாப் போதும்.

பத்தரைக்கெல்லாம் வண்டி காலி. வீட்டுக்கு வந்ததும் முத்துமாரி ஆணியில இருந்து சாவிய எடுத்து, பழையபடி கொத்துல கோத்தா. குமரேசனுக்குப் போன் போட்டா. "ஆவணிக்கு நீ வர வேணாம்ப்பா. ஆமா, அவரேதான் ஓட்டுறாரு. இந்த மனுசன வீட்டுல வச்சு யாரு சமாளிக்கிறது?"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

நான் மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கெணத்தடிக்குப் போயிட்டேன்.

உச்சி வெயிலு நேரம். பாத்தியில தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு. வீட்டுப் பக்கம் இருந்து முத்துமாரி சத்தம். வழக்கமா, "ஏங்க, சாப்பிட வாங்க"ன்னு ஊரையே கூட்டுவா. அன்னைக்கு அது இல்லை. தொண்டையச் செருமிக்கிட்டு, கூச்சப்பட்டுக்கிட்டு, அந்தச் சண்டைக்காரக் கொரலுல இழுக்குறா. ச ரி க க ப...

‘ப’வுல நின்னுட்டா. அதுக்கப்பறம் சத்தமே இல்லை.

நான் மம்பட்டியக் கீழ போட்டேன். ஒதட்டக் குவிச்சு, இருக்குற மூச்ச எல்லாம் சேத்து, ‘ச’வ அடிச்சேன். மூணு எண்ணிக்கை தாங்குச்சு.

அவ கரண்டியோட ஓடி வரலை. கால் கழுவிட்டு உள்ள போனேன், தட்டுல சோறு போட்டு வச்சிருந்தா. "கேட்டுச்சா?"ன்னு காத்தாக் கேட்டேன்.

"அதெல்லாம் கேட்டுச்சு"ன்னு சொல்லிட்டு தொட்டுக்க வெஞ்சனத்தத் தட்டுல வச்சா.